இலைக்குள் வாழும் அந்துப்பூச்சிகள்: பெங்களூரில் தேடிக் கண்டு பதிவுசெய்ய ஒரு முழு வழிகாட்டி

காலி மனையில் மண்டிக் கிடக்கும் ஆமணக்கு, ஏரிக்கரையில் நிற்கும் புங்கை, வேலியில் படர்ந்த ஊதாப்பூக் கொடி என்று எதன் அருகில் நின்றாலும் ஏதாவது ஓர் இலையில் வெளிறிய கோடு வளைந்து நெளிந்து ஓடியிருக்கும். அல்லது தோல் உப்பிய திட்டு ஒன்று தெரியும். அந்தக் கோடு இலையின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள பச்சைச் சதையை மட்டும் தின்றுகொண்டே ஒரு புழு போன வழி அது. இந்த வழியைச் சுரங்கம் என்றும், அதைத் தோண்டும் பூச்சியை இலைத் துளைப்பான் என்றும் இங்கே சொல்கிறோம்.

இந்தப் புழுக்களில் பல, வளர்ந்து அந்துப்பூச்சிகளாகும். இறக்கை விரித்தால் பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. வரைதான் இருக்கும். பறக்கும்போது யார் கண்ணிலும் படாது. ஆனால் சுரங்கம் அசையாமல் இருக்கிறது, பல நாள் நிற்கிறது, புழு போன பிறகும் அழிவதில்லை. ஆகவே தேட வேண்டியது பூச்சியை அல்ல, இலையை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இலைத் துளைப்பான்களைப் பதிவுசெய்வதில் முதல் வேலை செடியை அடையாளம் காண்பது. பெரும்பாலான இனங்கள் ஒரே செடியையோ, ஒரே பேரினத்தையோ, மிஞ்சினால் ஒரே குடும்பத்தையோதான் தின்னும். செடியின் பெயர் தெரிந்தால் ஐயப்பட வேண்டிய பூச்சிகள் நாலைந்தாகக் குறைந்துவிடும். செடி பெயரில்லாத சுரங்கப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இந்திய இனங்களில் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் இங்கிலாந்தில் இருந்த எட்வர்டு மேரிக். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர் போன்றோர் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவர் எழுதினார். புழுவிலிருந்து வளர்க்கப்பட்டவற்றுக்குச் செடி விவரம் உண்டு. விளக்கில் பிடிபட்டவற்றுக்கோ பூச்சியின் உடல் விவரத்தைத் தவிர வேறு அதிகம் இல்லை. எந்தச் செடி, எப்படிப்பட்ட சுரங்கம், எந்த மாதம் என்ற மூன்றையும் உங்கள் தெருமுனையிலிருந்தே நீங்கள் நிரப்ப முடியும்.

எப்போது, எங்கே

புழுக்கள் பெரும்பாலும் இளந்தளிரைத்தான் விரும்பும். எனவே பூ பூப்பதைவிட, செடி எப்போது தளிர்க்கிறது என்பதைக் கவனியுங்கள். புங்கை கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். தளிர் விரிந்து சில வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. களைச்செடிகளும் கொடிகளும் கோடை மழை விழுந்ததும் எழும். பெங்களூரில் மழை மே மாதத்தில் ஒருமுறையும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மறுமுறையும் வலுக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை எந்த வாரம் போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் பழைய காலிச் சுரங்கங்களே அதிகம். அவற்றையும் பதிவுசெய்யலாம்.

இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. கட்டடம் எழாத மனைகள், ரயில் பாதையோரம், ஏரிக்கரை ஆகியவையே போதும். தெற்கே துரஹள்ளிக் காட்டிலும் வடக்கே ஹெசரகட்டா புல்வெளியிலும் உள்ள செடிகள் வேறு, எனவே அங்குள்ள பூச்சிகளும் வேறு. லால்பாக், கப்பன் பூங்கா இரண்டிலும் பார்க்கலாம், படமெடுக்கலாம், இலை பறிக்கக் கூடாது. பன்னேருகட்டா போன்ற காப்புக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. தோட்டக்காரரிடம் செடி கேட்கும்போது புங்கையை ஹொங்கே என்றும், நாவலை நேரளே என்றும், ஆமணக்கை ஹரளு என்றும் சொன்னால் உடனே கைகாட்டுவார்.

காலி மனைக்குள் இறங்கும்போது முழுக்கைச் சட்டையும் மூடிய செருப்பும் வேண்டும். உடைந்த கண்ணாடியும் பாம்பும் ஒரு பக்கம் என்றால், பார்த்தீனியம் மறு பக்கம். அதன் மகரந்தமும் இலைச்சாறும் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். ஏறத்தாழ இரண்டரை செ.மீ. தூரத்தில் தெளியும். லென்ஸை இலைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் தள்ளி வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

செல்போன், அதில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ், மி.மீ. கோடு போட்ட 15 செ.மீ. அளவுகோல், சிறு கத்தரி, பென்சில், குறிப்பேடு, 10க்கு 15 செ.மீ. அளவில் இருபது ஜிப் கவர்கள், டிஷ்யூ பேப்பர், பஞ்சு, ஊசி ஒன்று, மெல்லிய வரைதூரிகை ஒன்று. இவ்வளவும் ஒரு தோள்பைக்குள் அடங்கும். பேனா வேண்டாம். கவருக்குள் ஈரம் கோத்ததும் மை கரைந்து, எந்த இலை எந்தச் செடியுடையது என்றே தெரியாமல் போகும். பென்சில் எழுத்து அழியாது.

படி 1: அது சுரங்கம்தானா?

இலையைப் பறிக்காமலே காம்பைப் பிடித்து வானத்தை நோக்கித் தூக்கி, கீழிருந்து பாருங்கள். சதை தின்னப்பட்ட இடம் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் தெரியும். அதற்குள் கருப்பாக எச்சம் இருக்கும், உயிருள்ள சுரங்கமாக இருந்தால் முனையில் புழுவும் இருக்கும். தரையைப் பார்த்தபடி இலையின் மேற்புறத்தை மட்டும் மேய்ந்துகொண்டே போனால் பாதிக்குமேல் தப்பிவிடும். அடிப்புறத்தில் மட்டும் தோண்டும் இனங்கள் நிறைய.

பூஞ்சைப் புள்ளியோடு குழப்பிக்கொள்வது வழக்கமான தவறு. ஊசியால் திட்டின் ஓரத்தை மெல்லக் கீறிப் பாருங்கள். சுரங்கமென்றால் மேல்தோல் தாள்போலத் தனியே எழும், அடியில் வெற்றிடமும் எச்சமும் இருக்கும். பூஞ்சையென்றால் இலை அதன் முழுத் தடிமனுக்கும் காய்ந்து ஒட்டிக் கிடக்கும். விரலால் தேய்த்தால் போய்விடும் வெள்ளை, சாம்பல் நோயோ நத்தை போன தடமோதான். புங்கை இலையில் விரல்விரலாக முளைத்திருக்கும் முடிச்சுகள் ஒருவகை நுண்சிலந்திப்பேனால் வந்தவை. பெங்களூரில் அவை இல்லாத புங்கை அரிது. இலை ஓரத்தில் வட்டமாக நறுக்கியெடுத்திருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை.

படி 2: அந்தா, ஈயா, வண்டா?

இலைத் துளைப்பதை அந்துப்பூச்சிகள் மட்டும் செய்வதில்லை. சிறு ஈக்களும், சில வண்டுகளும், ரம்பக்குளவிகள் சிலவும் செய்கின்றன. பெங்களூர்க் காலி மனைகளில் முதலில் கண்ணில் படும் கோடுகளில் பல ஈயினுடையவை. அவற்றை அந்தென்று பதிந்துவிட்டால் பின்னால் வருபவர் அனைவரும் குழம்புவார்கள். ஆகவே இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள்.

எச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈப்புழுவுக்குத் தலை ஓடு கிடையாது. கருப்பான இரண்டு வாய்க்கொக்கிகளால் சதையைச் சுரண்டும். ஒருக்களித்துப் படுத்தபடி தின்னும். அவ்வப்போது பக்கம் மாறுவதால் சில இனங்களின் எச்சம் கோட்டின் இடது ஓரத்தில் கொஞ்சம், வலது ஓரத்தில் கொஞ்சம் என மாறி மாறி விழும். அந்தின் புழு நேரே போகும், அதனால் எச்சம் பெரும்பாலும் நடுவில் ஒரு கோடாக விழும். தலை ஓடு பழுப்பாக, தெளிவாகத் தெரியும்.

அடுத்தது முட்டை. பெரும்பாலான அந்துகள் முட்டையை இலைமேல் ஒட்டும். கோடு தொடங்கும் புள்ளியை லென்ஸில் பார்த்தால் காலியான முட்டை ஓடு ஒரு சிறு பளபளப்பாக ஒட்டியிருக்கலாம். ஈ முட்டையை இலைக்குள் செருகும், மேலே ஒன்றும் இருக்காது. அத்துடன் பெண் ஈ இலையைக் குத்திச் சாறு நக்கிய வெள்ளைப் புள்ளிகள் சுரங்கத்தைச் சுற்றிலும் சிதறிக் கிடக்கும். அந்தப் புள்ளிகள் இருந்தால் ஈ என்று ஏறக்குறைய முடிவுகட்டலாம்.

ஆமணக்கு, தட்டைப்பயறு, தக்காளி, சாமந்தி இலைகளில் பாம்புபோல் ஓடும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் லிரியோமைசா டிரைஃபோலியை என்ற ஈயினுடையது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தியா முழுக்கப் பரவிய இனம். ஈயின் கூடு பழுப்பு நிறத்தில் பீப்பாய் வடிவில், கடுகுக்கும் அரிசிக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். அந்தின் கூட்டுப்புழுவில் இறக்கை, காலின் தடம் பதிந்திருக்கும்.

வண்டுப்புழுக்கள் பெரும்பாலும் அகன்ற திட்டுகளையே உண்டாக்கும். சிலவற்றின் உடல் தட்டையாகி ஓரங்களில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும். உன்னிச்செடியில் பழுப்புத் திட்டு தென்பட்டால் அவசரப்படாதீர்கள். உன்னியை ஒழிக்கவென்று ஆக்டோடோமா, யூரோபிளாட்டா என்ற இலைத் துளைக்கும் வண்டுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

படி 3: எந்தக் குடும்பத்து அந்து?

இதற்கு மேல் சுரங்கத்தின் உருவமும், புழு எங்கே கூடு கட்டுகிறது என்பதும் உதவும்.

கிராசிலேரியிடே குடும்பம்தான் இங்கே மிகுதி. இதன் புழுக்கள் வளரும்போதே உருவம் மாறும். சின்னப் புழு தட்டையாக இருந்து தோலுக்கடியில் சாற்றை மட்டும் உறிஞ்சும். அப்போது சுரங்கம் வெள்ளிபோல் மின்னும், எச்சம் உருண்டையாக இருக்காது. பிறகு பல இனங்களில் புழு தோலுரித்து உருளைப் புழுவாகிச் சதையைத் தின்னத் தொடங்கும். அந்த இடம் பழுப்பாகி, கரும் உருண்டைகள் சேரும். ஒரே சுரங்கத்தில் வெள்ளிக்கோடும் பழுப்புத் திட்டும் இருப்பதைப் பார்த்து இரண்டு பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. இக்குடும்பத்தில் சில இனங்கள் அடிப்புறத் தோலில் உள்ளிருந்து பட்டுநூல் இழுக்கும். நூல் இறுக இறுக இலை மேல்புறம் கூடாரம்போல் குவியும். மாந்தளிரிலும் முந்திரித் தளிரிலும் கொப்புளம் போடும் அக்ரோசெர்காப்ஸ் சின்கிராமாவும் இந்தக் குடும்பமே. அதன் புழு வெளிறித் தொடங்கி முதிரும்போது செம்பழுப்பாகும்.

இந்தக் குடும்பத்தில் கண்ணுக்குப் பழக எளிதானது எலுமிச்சை இலைத் துளைப்பான், பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 1856இல் ஸ்டெயின்டன் என்பவர் கொல்கத்தா மாதிரிகளைக்கொண்டு பெயரிட்ட இனம் இது. 1993இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய்ச் சேர்ந்தது. கோயில் வளாகங்களில் நிற்கும் வில்வத்திலும் தேடலாம். தளிரில் வெள்ளிக்கோடு, அதன் நடுவில் மெல்லிய கருங்கோடு. புழு மஞ்சள்பச்சையாக 3 மி.மீ. வரை வளரும். கடைசியில் இலையின் ஓரத்தை மடித்துப் பட்டால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகும். மடிப்பின் முனையில் வெறும் தோலுறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி பறந்துவிட்டது என்று பொருள்.

நெப்டிகுலிடே குடும்பத்தார் அந்துகளிலேயே மிகச் சிறியவர்களில் சேர்வார்கள். இறக்கை விரிவு 3 முதல் 6 மி.மீ. கோடு ஒரே இழையாக ஒழுங்காக அகன்றுகொண்டே போகும். புழு சிறு பிளவு வழியே வெளியேறி மண்ணிலோ சருகிலோ கூடு கட்டும்.

ஹீலியோசெலிடே புழு கடைசியில் தன் திட்டின் இரு தோலையும் முட்டை வடிவில் வெட்டி ஒட்டி, அந்தப் பைக்குள்ளேயே இருந்தபடி கீழே விழும். இலையில் சுத்தமாக வெட்டிய நீள்வட்ட ஓட்டை எஞ்சும். பிரண்டை, திராட்சைக் குடும்பக் கொடிகளில் அப்படியொரு ஓட்டையும் அதைச் சுற்றிப் பழுப்பு ஓரமும் கண்டால் விடாதீர்கள்.

புக்குலேட்ரிக்ஸ் இளமையில் மட்டும் மெல்லிய சுரங்கம் தோண்டி, பிறகு வெளியே வந்து இலையின் ஒரு தோலை விட்டுச் சன்னல்போல் தின்னும். அதன் வெள்ளைக் கூட்டில் நீளவாட்டில் வரிவரியாக முகடுகள் இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். காஸ்மோப்டெரிக்ஸ் இனங்களைப் புல்லிலும் கோரையிலும் நீண்ட வெள்ளைச் சுரங்கங்களில் தேடுங்கள். பூச்சியின் இறக்கையில் ஆரஞ்சுப் பட்டை இருக்கும்.

அடுத்து வேலிக்கொடி. ஐந்து விரலாகப் பிரிந்த இலையும் ஊதாப் புனல்பூவும் கொண்ட ஐபோமியா கெய்ரிக்காவிலும், சர்க்கரைவள்ளி உள்ளிட்ட அதன் உறவுகளிலும் பெடெல்லியா சோம்னுலென்டெல்லாவைத் தேட வேண்டும். முதலில் எச்சக்கோடு ஓடும் ஒல்லிச் சுரங்கம். பிறகு புழு வெளியே வந்து, அதே இலையில் வேறிடத்தில் நுழைந்து திட்டாகத் தின்னும். இப்படி ஒரே புழு பல திட்டுகளை உண்டாக்கும். திட்டின் உள்ளே பார்த்தால் எச்சமே இருக்காது. இலையைத் திருப்புங்கள். புழு அடிப்புற ஓட்டை வழியே பின்னுடலை நீட்டி எச்சத்தை வெளியே தள்ளியிருக்கும். அந்தக் கரும் உருண்டைகள் பட்டு நூல்களில் மணிபோல் கோத்துத் தொங்கும். அங்கேயே குறுக்கும் நெடுக்குமாகச் சில இழைகளில் கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கூடு இல்லை. கோணலான உடல், கூரான முனை. நூலும் கரும் உருண்டையும் தொங்கும் கூட்டுப்புழுவும் சேர்ந்து தெரிந்தால் பூச்சி வெளிவரும் முன்பே ஓரளவு நம்பிக்கையோடு பெயர் எழுதலாம். இப்படித் துணிந்து எழுதக்கூடிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

படி 4: படம்

குறைந்தது ஆறு படம் வேண்டும். செடி முழுதாக ஒன்று, பூவோ காயோ தெரிய இன்னொன்று, இலையின் மேற்புறம், அடிப்புறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது, சுரங்கம் தொடங்கும் புள்ளி. பூவும் காயும் தெரியும் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செடிக்குப் பெயர் சொல்லப்போவது அந்தப் படம்தான்.

வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படத்துக்கு இலையை நேராகச் சூரியனைப் பார்த்துப் பிடித்தால் கோடு வெளுத்துப்போகும். இன்னொரு போனின் டார்ச்சின் மேல் ஒரே அடுக்கு டிஷ்யூ வைத்து அதன்மேல் இலையைப் பரப்புங்கள், ஒளி சீராக வரும். திரையில் சுரங்கத்தின்மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள். இலையும் போனும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பாதிதான் தெளியும். ஒரு படத்திலாவது அளவுகோல் இலைமேல் படிந்திருக்கட்டும், பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் அளவு பொய் சொல்லும். காற்றடித்தால் காம்பை விரல்களால் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்காகப் பத்துப் படம் எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அங்கேயே எழுத வேண்டியது

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும். ஒவ்வொரு மாதிரிக்கும் தேதியும் செடியும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண் கொடுங்கள்: 12-07-புங்கை-3 என்பதுபோல. அந்த எண்ணே படத்திலும் கவரிலும் குறிப்பேட்டிலும் வர வேண்டும். பிறகு இவற்றை எழுதுங்கள்:

- இடம், இடத்தின் தன்மை, செடியின் உயரம், தளிரா முதிர்ந்த இலையா
- சுரங்கம் மேல்புறத்திலா, அடிப்புறத்திலா, இரண்டிலுமா
- கோடா, திட்டா, கோடாகத் தொடங்கித் திட்டானதா. தொடக்கத்திலும் முடிவிலும் அகலம்
- எச்சம்: நடுக்கோடு, சிதறல், ஓரம், வெளியே தள்ளப்பட்டது
- புழு உள்ளே இருக்கிறதா, அதன் நிறம், கால் உண்டா
- ஓட்டை: அரைவட்டப் பிளவா, நீள்வட்ட வெட்டா, குண்டூசித் தலையளவு வட்டமா

கடைசியில் சொன்ன சிறு வட்ட ஓட்டை பெரும்பாலும் பூச்சி வெளியேறியது அல்ல. புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி கடித்துத் திறந்த வாசல்.

படி 6: வளர்த்துப் பார்த்தல்

சுரங்கத்தை மட்டும் வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது. பூச்சியை வெளிவரவைத்தால்தான் பெயர் உறுதியாகும். இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். காரணம் ஒன்றுதான்: புழு சின்னதாக இருக்கும்போதே இலையைப் பறித்துவிடுகிறார்கள். இலை வாடுவதற்குள் புழு வளர்ந்து முடிக்காது. புங்கைபோன்ற தடித்த இலை சில நாள் தாங்கும், கொடி, களைச்செடிகளின் மெல்லிய இலை இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகும்.

ஆகவே சுரங்கம் இன்னும் ஒல்லியாக இருந்தால் பறிக்காதீர்கள். கிளையோடு ஒரு மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டிவிட்டு நாலைந்து நாள் கழித்து வாருங்கள். பொது இடமாக இருந்தால் பையில் ஒரு சீட்டு வைத்தால் யாரும் பிய்த்து எறிய மாட்டார்கள். பை கட்ட முடியாத இடத்தில் இலைக்காம்பில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

புழு முதிர்ந்திருந்தால் இலையை 5 செ.மீ. தண்டோடு வெட்டி, வெட்டிய நுனியில் நனைத்துப் பிழிந்த பஞ்சைச் சுற்றுங்கள். ஜிப் கவருக்குள் மடித்த டிஷ்யூத் துண்டும் பென்சில் சீட்டும் போட்டு, இலையை வைத்து, கொஞ்சம் காற்றை அடைத்து மூடுங்கள். ஒரு கவருக்கு ஒரே செடியின் ஒரே மாதிரிச் சுரங்கம், அதுவும் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து மாதிரிகளை ஒன்றாகப் போட்டுவிட்டால், வெளிவந்த பூச்சி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்த்த வேலையே வீண்.

கவரைச் சமையலறைச் சன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். நேர் வெயில் பட்டால் அரைமணியில் உள்ளே வெந்துவிடும். வெளிச்சம் வரும் நிழல் இடத்தில், எறும்பு வராதபடி, தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் டிஷ்யூவை மாற்றி ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் இது தினசரி வேலை. மாறாக, இலை காய்ந்து சுருண்டால் டிஷ்யூவின் ஒரு மூலையை மட்டும் நனையுங்கள்.

புழு சுரங்கத்தை விட்டு வெளியேறி, கவரின் மூலையில் சுற்றினால் கூடு கட்ட இடம் தேடுகிறது. டிஷ்யூ மடிப்பு அதற்குத்தான். மண்ணில் இறங்கும் இனமென்று ஐயம் வந்தால், மருந்து டப்பாவில் ஒரு விரற்கடை அளவு சலித்த ஈர மணலைப் போட்டு அதற்குள் விடுங்கள். கையால் தொடாமல் தூரிகையால் மாற்றுங்கள். கூடு கட்டியதும் பழைய இலையை அகற்றிவிடலாம், கூடு ஒட்டியுள்ள பகுதியை மட்டும் வெட்டி வையுங்கள்.

பெங்களூர் வெப்பநிலையில் பல இனங்கள் கூட்டுப்புழுவான ஒன்று இரண்டு வாரத்தில் வெளிவரும். நாலைந்து வாரம் ஆகும்வரை கவரைத் தூக்கி எறிய வேண்டாம். அந்துக்குப் பதிலாக மின்னும் கருநீலக் குளவி ஒன்று வெளிவந்தால் ஏமாற்றமாகக் கொள்ளாதீர்கள். எந்தச் செடியில், எந்தச் சுரங்கத்தில், எந்தக் குளவி என்பது அதே அளவு அரிய தகவல். அதையும் அதே எண்ணில் பதியுங்கள்.

படி 7: வெளிவந்த பூச்சி

வெளிவந்த உடனே தொடாதீர்கள். இறக்கை விரிந்து உறைய சில மணி நேரம் கொடுங்கள். பிறகு மூடிய சிறு டப்பாவோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கியிருக்கும். வெள்ளைத்தாளில் விட்டு மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்துக்கு நேரேயும் எடுங்கள். உட்காரும் விதமும் அடையாளம்தான். கிராசிலேரியிடே குடும்பத்தின் காலோப்டிலியா முன்கால்களை ஊன்றி முன்னுடலைத் தூக்கி நிற்கும். நெப்டிகுலிடே பூச்சியின் கண்மேல் உணர்கொம்பின் அடிப்பகுதி ஒரு மூடிபோல் விரிந்திருக்கும். இறக்கைச் செதில்கள் தூசிபோல் உதிரும், உதிர்ந்தால் அடையாளமும் போகும். ஆகவே இடுக்கி வேண்டாம்.

படத்தோடு நிற்பவர்கள் பூச்சியை அது பிறந்த செடியிலேயே விட்டுவிடலாம். நிபுணர் உறுதிசெய்ய வேண்டுமென்றால் உடல் தேவைப்படும், நெருங்கிய இனங்களைப் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனமும், ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகமும் பூச்சி மாதிரிகளைப் பேணுகின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு அணுகுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் தபாலில் போடக் கூடாது.

படி 8: இலையைப் பாதுகாத்தல்

காலியான சுரங்கமுள்ள இலையைச் செய்தித்தாளுக்கு இடையே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளைத் தினம் மாற்றினால் ஐந்தாறு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒருநாள் தவறினாலும் கரும்பூஞ்சை படரும். காய்ந்ததும் தாள் உறையில் எண்ணோடு போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்து, மூடிய டப்பாவில் வையுங்கள். பச்சை மங்கும், ஆனால் எச்சத்தின் கோடு அப்படியே நிற்கும். அதுதான் வேண்டும்.

படி 9: பதிவேற்றம்

உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலோ செயலியிலோ போடும்போது ஒரு சுரங்கத்தின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். செடியைத் தனிப் பதிவாகப் போட்டு, அதன் இணைப்பைச் சுரங்கப் பதிவின் குறிப்பில் கொடுங்கள். பின்னால் பூச்சி வெளிவந்தால் அதற்கும் ஒரு பதிவு, அதிலும் பழைய எண்ணும் இணைப்பும் இருக்கட்டும். சான்றின் வகையில் இலைச் சுரங்கம் என்று குறியுங்கள்.

செயலி தானாக முன்வைக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படங்கள் அதிகம், அதனால் அங்குள்ள இனங்களின் பெயரே முதலில் வரும். நம் நாவலிலும் இலந்தையிலும் இருப்பது அதுவாக இருக்கச் சாத்தியம் குறைவு. குடும்பம்வரை தெரிந்தால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். அந்தா ஈயா என்பதே ஐயமானால் பூச்சி என்று மட்டும் போட்டு, எச்சம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தவறான இனப்பெயரைவிட அந்த ஒரு வரி பயன்படும்.

தொடர்ந்து கவனிக்க விரும்புவோருக்கு

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே இனச் செடியில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் இருபது இலையைப் பார்த்து, உயிருள்ள சுரங்கம், காலிச் சுரங்கம், குளவி ஓட்டை மூன்றையும் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். சுரங்கமுள்ள இலையாகத் தேடிப் பிடித்து எண்ணக் கூடாது. கிளையின் நுனியிலிருந்து வரிசையாக இருபது, கண்ணில் படுவது எதுவானாலும் சரி. ஒன்றுமில்லாத நாளில் பூஜ்யம் என்று கட்டாயம் எழுதுங்கள், வெற்றிடமாக விட்டால் பார்த்தும் இல்லையா, பார்க்கவே இல்லையா என்று தெரியாது. மாநகராட்சியார் புதரை வெட்டிவிட்டால் அந்தத் தேதியையும் குறித்து, பக்கத்துச் செடிக்கு மாறி, புதிய எண் கொடுத்துத் தொடருங்கள்.